திமிங்கிலம் காது குடைவதில்லை

திமிங்கிலம் காது குடைவதில்லை. குடைய விரல் கிடையாது. விரல் இருந்திருந்தாலும் தன் காது எங்கே இருக்கிறது என்று அதற்கே சரியாகத் தெரியாது. ஆகவே பிறந்த நாளிலிருந்து செத்த நாள்வரை சேர்ந்த குறும்பி அப்படியே உள்ளே இருக்கிறது. வயசான திமிங்கிலத்தின் காதுக்குள் முழங்கை நீளத்துக்கு ஒரு குறும்பிக் கட்டை இருக்கும். நம்பாதவர்கள் தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளச் சாலையில் இருக்கும் எங்கள் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

எங்கள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. அங்கே நான்தான் குரல். அதற்கு முன் விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். ரேடியோவில் என் மாட்டுத்தீவன விளம்பரத்தைக் கேட்ட எருமை ஒன்று, கோவில்பட்டியில் கட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போய் வரிசையில் நின்றது. கடைக்காரர் இன்னும் இருக்கிறார், விசாரிக்கலாம். எருமைதான் இல்லை.

என்னை வேலைக்கு அழைத்தவர் இயக்குநர் பூவராகன். சேலத்துக்காரர், நல்ல மனுஷர், எப்போதும் எதையோ தொலைத்துவிட்ட முகம். அந்த வருஷம் அவர் உண்மையிலேயே ஒன்றைத் தொலைக்க இருந்தார். பார்க்க ஆள் வரவில்லை என்றால் கட்டடத்தை மூடிவிட்டு, திமிங்கில எலும்புகளை லாரியில் ஏற்றிச் சென்னைக் கிடங்குக்கு அனுப்பிவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. கூட்டம் சேர்க்கச் செல்போனில் ஓடுகிற மாதிரி சின்னச் சின்னப் படம் எடுத்துப் போடவேண்டும் என்பதும் மேலிடத்து யோசனைதான். ஒவ்வொன்றும் முப்பது விநாடி. பூவராகன் படம் பிடிப்பார், நான் பேசுவேன்.

"முதல் மூணு விநாடியில கட்டைவிரல் நிக்கணும் ஐயா. நிக்கலைன்னா நம்மைத் தள்ளிட்டு அடுத்த படத்துக்குப் போயிடும்" என்பார்.

நிற்கவில்லை. இரட்டைத் தலைக் கன்றுக்குட்டியைப் பற்றி ஒரு படம் போட்டோம். பார்த்தவர்களில் பாதிப்பேர் பூவராகனின் சொந்தக்காரர்கள், மீதிப்பேர் என் பழைய கடன்காரர்களாக இருக்கவேண்டும், குரலை வைத்து அடையாளம் கண்டிருந்தார்கள். அடுத்து கடல்பசு. அது எத்தனை லிட்டர் கறக்கும் என்று கேட்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். பஞ்சடைத்த கூழைக்கடாவுக்கு நான் உயிரைக் கொடுத்துப் பேசினேன். அந்தப் படத்தைப் பார்த்த ஒரே ஆள் பூவராகனின் மனைவி, அதுவும் பாதிவரை.

இந்த நிலையில்தான் நஸ்ரின் பானு வந்து சேர்ந்தாள். கீழக்கரைப் பெண், ஒலியில் டாக்டர் பட்டம். இட்லிக் கொப்பரை அளவுக்கு ஒரு இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். எங்கள் திமிங்கிலம் கரை ஒதுங்கியபோது யாரோ புண்ணியவான் அதன் குறும்பிக் கட்டையை எடுத்து ஊறுகாய் ஜாடியில் போட்டு வைத்திருந்தான். அது அவளுக்கு வேண்டும்.

இதை வைத்து என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"மரத்துல வளையம் இருக்குல்ல அங்கிள், அதே மாதிரி இதுல அடுக்கு. நல்லாச் சாப்பிட்ட மாசத்துக்கு வெளுப்பா ஒண்ணு, பட்டினி மாசத்துக்குக் கறுப்பா ஒண்ணு. குறும்பி இளக்கமா இருக்கிறப்போ வர்ற சத்தம் அதுல கோடு போட்டுட்டுப் போயிடும். அப்புறம் அடுத்த அடுக்கு வந்து மூடிடும். அந்தக் கோட்டை இந்த மெஷின் படிக்கும்."

"அப்போ அது கேட்டதெல்லாம் உள்ளே இருக்கா?"

"எல்லாமே இருக்கு."

"மனுஷன் காதுலேயும்?"

"இருந்திருக்கும். நீங்கதான் வாராவாரம் பட்ஸ் போட்டு எடுத்துடுறீங்களே."

எனக்குத் திக்கென்றது. கல்யாணத்தின்போது என் மாமனார் கொடுத்த வாக்குறுதிகள் அத்தனையும் இப்படித்தான் பஞ்சோடு போயிருக்கின்றன. அன்றிலிருந்து நான் காது குடைவதை விட்டேன். காது கேட்பது கொஞ்சம் மந்தம்தான், ஆனால் சேமிப்பு இருக்கிறது.

இயந்திரம் ஓடியது. பூவராகன் திமிங்கிலப் பாட்டு வரும் என்று காத்திருந்தார். வந்தது கப்பல் எஞ்சின். அடுத்த அடுக்கு, கப்பல் எஞ்சின். அதற்கும் அடுத்து, இரண்டு கப்பல் எஞ்சின். நடுவில் எங்கோ வெடி வைத்து மீன் பிடிக்கிற சத்தம். திமிங்கிலம் பாடும் என்றார்களே என்று பூவராகன் குறைப்பட்டபோது, பஸ் ஸ்டாண்டுக்குள் உட்கார்ந்து யாரும் பாடமாட்டார்கள் சார் என்றாள் நஸ்ரின். சில நாள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் உப்பளத்தைப் பார்த்தபடி நின்றிருப்பாள். ஒரு ஆயுள் முழுக்க லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்த மாதிரி இருக்கிறது அங்கிள் என்றாள் ஒருமுறை.

பிறகு ஒரு நாள் எஞ்சினே இல்லாமல் தொடங்குகிற ஒரு அடுக்கு கிடைத்தது. தண்ணீர் மட்டும். அதற்குள் மெதுவாக, தட்தட்... தட்... தட்தட்தட். அதன் பிறகு நீளமாக ஒரு உரசல், சர்ரென்று. மறுபடி தட்தட்.

இந்த இடத்தில் எங்கள் மூன்று பேரையும் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். பூவராகன் மலைக்காட்டு வண்டுகளில் ஆராய்ச்சி செய்தவர். நஸ்ரினுக்குப் படகைப் படத்தில் பார்த்தாலே வாந்தி வரும். எனக்குக் கடல் என்றால் சுண்டல். கடல் சாமான்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே தவிர, கடலுக்குப் போன ஆள் ஒருவரும் கிடையாது. எனவே பூவராகன் எழுந்து நின்று, கண் கலங்க, "இதயம்" என்றபோது, நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம். மரத்தில் தட்டுகிற மாதிரியும் இருக்கிறது சார் என்று நஸ்ரின் இழுத்தாள். அவ்வளவு பெரிய இதயம் விலா எலும்பில் இடித்தால் அப்படித்தான் கேட்கும் என்றார் அவர். உரசலுக்கு என்ன செய்வது என்று கேட்டாள். இதயம் துடிக்கும், உரசாது என்று சொல்லி அதை வெட்டிவிட்டார்.

நான் அடித்தொண்டையில் பேசினேன்: "கேளுங்கள். கடலுக்கும் ஓர் இதயம் உண்டு."

கட்டைவிரல்கள் நின்றன. உலகம் பூராவும் நின்றன என்று சொன்னால் மிகை என்பீர்கள், ஆகவே ஆஸ்திரேலியாவை விட்டுவிடுகிறேன். அழுகிற பிள்ளைகளைத் தூங்கவைக்க அந்தச் சத்தத்தைப் போட்டார்கள். சாத்தூரில் ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரக்காரரை உட்காரவைத்துவிட்டு அதையே தாலிகட்டுக்கு ஒலிக்கவிட்டார்கள். எங்கள் வாசலில் வரிசை பைபாஸ் வரைக்கும் நின்றது. லாரி வரவில்லை. பூவராகன் முதன்முறையாக, தொலைந்ததைக் கண்டெடுத்த முகத்தோடு வேலைக்கு வந்தார்.

அந்த வரிசையில் ஒரு நாள் வியாகுலம் வந்தாள். அறுபதை ஒட்டிய வயசு, காலி மீன்கூடை இடுப்பில். திமிங்கிலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படத்தில் பேசின ஆள் யார் என்று கேட்டுக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். நான் தலைமயிரைக் கோதிக்கொண்டேன்.

"அண்ணாச்சி, கொரலு நல்லாத்தான் இருக்கு. சொன்னதுதான் பொய்யி" என்றாள். "அது மீனோட இதயம் இல்ல. எங்க வீட்டுக்காரவிய."

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். அவள் சொன்னதன் சுருக்கம் இது. அவளுக்குச் சங்குமுனை. அந்த ஊரில் படகுக்குப் படகு ஒரு தட்டு உண்டு. மூடுபனியிலும் இருட்டிலும் துடுப்பால் படகு விளிம்பில் தட்டித்தான் ஒருவருக்கொருவர் நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வார்கள். தட்டு படகுக்கு உரியது. தட்டி முடித்ததும் துடுப்பை விளிம்போடு ஒரு இழுப்பு இழுப்பார்கள், அது ஆளுக்கு உரியது. அப்பன் இழுப்பை மகன் இழுக்கக் கூடாது. கரையில் நிற்கிற பெண்கள் இழுப்பைக் கேட்டுத்தான் உலையில் அரிசி போடுவார்கள். அன்றைக்குக் கூடையோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது கண்டக்டர் சட்டைப் பையிலிருந்து அவள் புருஷனின் படகு கூப்பிட்டிருக்கிறது. அங்கேயே இறங்கிவிட்டாள்.

பூவராகன் பணிவாக, ஒரே மாதிரி சத்தங்கள் இருக்கலாம் அம்மா என்று ஆரம்பித்தார். அவள் கூழைக்கடாவின் பெட்டியில் விரல் முட்டியால் தட்டினாள். தட்தட்... தட்... தட்தட்தட். அதோடு நிறுத்தியிருந்தால் அது ஊர் முழுக்கத் தெரிந்ததுதான். அவள் இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து மரச்சட்டத்தோடு நீளமாக இழுத்தாள். சர்ரென்று.

வெட்டிய துண்டைக் கேட்டவர்கள் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான். நஸ்ரின் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். பூவராகன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் புருஷன் பெயர் கஸ்பார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், புயல் இல்லை, மழை இல்லை, கண்ணாடி மாதிரிக் கடல், தனியாகப் போனவர் திரும்பவில்லை. பலகை ஒன்றுகூட ஒதுங்கவில்லை. புயலில்லாத நாளில் போனவன் செத்திருக்கமாட்டான், அக்கரைக்கு ஓடியிருப்பான், அங்கே ஒருத்தி இருப்பாள் என்று ஊர் முடிவு கட்டியது. சங்குமுனையில் கல்லறைத் திருநாள் அன்று கடல் கொண்டவர்களின் பெயர்களைக் கரையில் நின்று வாசிப்பார்கள். கஸ்பாரின் பெயரை வாசிப்பதில்லை. ஓடினவனைச் செத்தவர்களோடு சேர்க்கமுடியாது என்பது ஊர்க் கமிட்டியின் தீர்ப்பு. அவள் வருஷா வருஷம் மெழுகுவத்தியோடு போய் நின்று, வாசித்து முடித்ததும், மெழுகுவத்தியை ஊதி அணைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள்.

"ஓடிப்போறவன் எதுக்கு நடுக்கடல்ல கெடந்து தட்டுதான்? அவிய கூப்புட்டுக்கிட்டே கெடந்திருக்காவ. ஒரு மனுசப்பயலுக்குக் கேக்கல. இதுக்குத்தான் கேட்டிருக்கு" என்று முதன்முறையாக எலும்புக்கூட்டைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணாச்சி, இதயம்னு ஒங்க வாயால சொன்னதை ஊரே நம்புது. அதே வாயால இது கஸ்பாருன்னு சொல்லுங்க. அவிய பேரை வாசிச்சுப்போடுவாவ. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் போனபிறகு பூவராகன் திமிங்கிலத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். இதயம் இல்லை, படகு என்று நாமே சொன்னால் நாடே சிரிக்கும், மறுவாரம் லாரி வாசலில் நிற்கும் என்று திமிங்கிலத்திடம் சொன்னார். அது மறுக்கவில்லை. கடைசியில் வால் எலும்புப் பக்கம் வந்து நின்று என்னைப் பார்த்தார். "பெயர்ப்பலகையில தப்பு இருந்தா மாத்துறதுதானே ஐயா நம்ம வேலை?" என்றார். அவரைப் பெற்ற தாய்க்கு நான் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

நஸ்ரின் அடுக்குகளை எண்ணிப் பார்த்தாள். கரை ஒதுங்கிய வருஷத்திலிருந்து பின்னோக்கி வந்தால், கஸ்பார் போன அதே வருஷம், அதே பருவம். எங்களுக்கு ஆச்சரியம். வியாகுலத்துக்கு ஆள் அனுப்பிச் சொன்னபோது, அது எனக்குத் தெரியுமே என்றாளாம்.

புதுப் படத்துக்கு நாள் குறித்து அவளையும் வரச் சொன்னோம். காலையிலேயே வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வந்து, டிக்கெட் கவுன்டர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் உள்ளே தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தேன். நஸ்ரின் வந்து கதவைச் சாத்தினாள்.

அந்த அடுக்கின் மிச்சத்தையும் அவள் படித்திருந்தாள்.

கேட்டோம். தட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது, போகப் போகத் தளர்ந்தது. இழுப்பு குறுகிக்கொண்டே வந்தது. பிறகு தூரத்தில் ஒரு எஞ்சின். தட்டு திடீரென்று வேகம் பிடித்தது, தாளம் குலைந்து படபடவென்று. எஞ்சின் நெருங்கி, தணிந்து, நின்றது. மரத்தில் மரம் இடித்தது. பலகையில் கால் வைக்கிற சத்தம், ஒன்று, இன்னொன்று. எஞ்சின் மறுபடி கிளம்பிப் போனது. அதற்குப் பிறகு தட்டு இல்லை. தண்ணீர்தான்.

"அப்புறம்?" என்றார் பூவராகன்.

"அப்புறம் திமிங்கிலம் அதுபாட்டுக்குப் போயிடுச்சு சார். அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

யாரோ கஸ்பாரைத் தூக்கியிருக்கிறார்கள். அந்த மனுஷன் அன்றைக்குச் சாகவில்லை. எங்கே போனார், யார் பிடித்துவைத்தார்கள், ஏன் வரவில்லை, வர விரும்பவில்லையா, எதுவும் குறும்பியில் இல்லை. ஆனால் ஊர் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

பூவராகன் சொல்லவேண்டாம் என்றார். பத்தொன்பது வருஷம் காத்திருந்த அம்மாவுக்கு ஒரு பெயரை வாசித்துக் கேட்கிற பாக்கியமாவது இருக்கட்டும், மிச்சத்தை ஜாடியில் போட்டு மூடிவிடலாம் என்றார். உரசலை வெட்டினது போதாதா சார் என்று நஸ்ரின் கேட்டாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான், அது அந்த அம்மாவுடைய சத்தம், நமக்கு அதில் வெட்ட ஒன்றுமில்லை என்றேன். துணிச்சலாகச் சொல்லிவிட்டேனே தவிர, அவளைக் கூப்பிடக் கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். நஸ்ரின்தான் போய் அழைத்துவந்தாள்.

ஹெட்போனை மாட்டினோம். வியாகுலம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தட்டு தளர்ந்த இடத்தில் அவள் விரல்கள் மடியில் தாமாகவே தட்டிக்கொண்டிருந்தன, எழுப்பிவிடுகிற மாதிரி. எஞ்சின் வந்ததும் விரல் நின்றது. முடிந்ததும் கண்ணைத் திறக்கவில்லை.

"அது வேற ஒரு எஞ்சின் போட்டு" என்றாள்.

ஆமாம் என்றாள் நஸ்ரின்.

"ஏறிட்டாவளா?"

"ஏறுன சத்தம் கேக்குதும்மா. அதுக்கு மேல எங்களுக்குத் தெரியல."

இன்னொரு முறை போடச் சொன்னாள். இந்தமுறை கடைசியை மட்டும். பலகையில் கால் வைக்கிற சத்தம், ஒன்று, இன்னொன்று. மறுபடி போடச் சொன்னாள். நாங்கள் மூன்று பேரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வியாகுலம் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் பத்திரமாக வைத்தாள்.

"ரெண்டு காலையும் நல்லா ஊணித்தான் ஏறியிருக்கான்" என்றாள்.

பத்தொன்பது வருஷமாக மரியாதையோடு 'அவிய'வாக இருந்த கஸ்பார் அந்த இடத்தில்தான் 'அவன்' ஆனார். அழப்போகிறாள் என்று பூவராகன் கைக்குட்டையை எடுத்தார். அவள் சிரித்தாள். சத்தமாக இல்லை. சுமையை இறக்கிவைத்தவர்களுக்கு ஒரு மூச்சு வருமே, அந்த மாதிரி.

"அண்ணாச்சி, பேரு போட வேண்டாம். உசுரோட ஏறினவனை எவளாவது செத்தவனோட சேப்பாளா? எங்கயோ கெடக்கட்டும், மூதேவி."

அப்படியென்றால் படத்தில் என்ன சொல்வது என்று பூவராகன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஒரு ஆளு தட்டுனான், கேட்டுது, வந்தாவன்னு சொல்லுங்க. அது போதும்" என்றாள்.

அதையேதான் பேசினேன். என் வாழ்க்கையில் நான் ஒரு பெயரடைகூடச் சேர்க்காமல் பேசிய ஒரே விளம்பரம். மூன்று விநாடியில் கட்டைவிரல் நின்றதா என்று பூவராகன் பார்க்கவில்லை. சிரித்தவர்கள் சிரித்தார்கள், மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து கேள்வி கேட்டுவிட்டுப் போனார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு ஒரு வரிசை வர ஆரம்பித்தது. கடற்கரை ஊர்களிலிருந்து பெண்கள், கிழவர்கள். கூழைக்கடாப் பெட்டியில் தங்கள் தங்கள் தட்டைத் தட்டிக் காட்டி, இது இருக்கிறதா என்று பாரு தாயி என்று நஸ்ரினிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலும் இல்லை. எஞ்சின்தான் இருக்கிறது. இல்லை என்று சொல்ல அவள் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் சொல்கிறாள். லாரி இன்னும் வரவில்லை. அதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியாததால், கதவைப் பூட்டும்போது திமிங்கிலத்துக்குச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு மத்தியானம் வியாகுலம் கிளம்பும்போது எலும்புக்கூட்டின் கீழ்த்தாடைப் பக்கம் போய் நின்றாள். தொடக்கூடாது என்று பலகை தொங்குகிறது. தொட்டாள். மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல் இரண்டு தட்டுத் தட்டினாள். காவலாளி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

வாசலுக்கு வந்ததும், பக்கத்தில் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டாள். பைபாஸ் மெஸ்ஸுக்கு நாங்கள் மூன்று பேரும் கூடவே போனோம். எல்லாருக்கும் இலை போட்டார்கள். வியாகுலம் சீலாமீன் குழம்பு கேட்டாள். துண்டு வந்து இலையில் விழுந்ததும் கையை எடுத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். ஏதாவது கெட்டுப்போயிருக்கிறதா அம்மா என்று நஸ்ரின் கேட்டாள்.

"இல்ல தாயி" என்றாள். "அவன் போன அன்னையிலேருந்து மீனு விக்கத்தான் செய்யிதேன். வாயில வச்சதில்ல. எந்த மீனு அவனைத் தின்னுச்சோன்னு."

பூவராகன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வியாகுலம் மீனை நடுவில் பிட்டு, முள்ளை விரலால் தடவி எடுத்து இலை ஓரத்தில் வைத்து, ஒரு வாய் தின்றாள். மென்றாள். விழுங்கினாள். அப்புறம் பரிமாறுகிறவரைக் கைகாட்டிக் கூப்பிட்டு, குழம்பில் புளி பத்தவில்லை என்று சொல்லி, இன்னொரு துண்டு போடச் சொன்னாள்.